முருங்கைக்காய்க்கு ஜெர்மனியில் என்ன விலை?

"முருங்கைக்காய் பறிக்கக் கூடாது," என்றாள் பொன்மலர்.

கொல்லையில் துரட்டியும் கையுமாக நின்றிருந்த ஆபேல் அண்ணாந்து பார்த்தான். மரம் கொள்ளாமல் காய். மரம் அவனுடையது, காயும் அவனுடையது, காலையிலிருந்து வயிற்றைக் கிள்ளும் பசியும் அவனுடையதுதான்.

"ஏன் கூடாது?"

"ஜெர்மனியில முருங்கைக்காயே கெடைக்காதுன்னு டோரதி எழுதிட்டா. கெடைக்காத சாமானுக்கு நாம இன்னா வெல போடறது?"

ஆபேல் துரட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். மனைவியிடம் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. சட்டம் போட்டதே அவன்தான்.

விஷயம் இதுதான். ஆம்பூரில் அப்துல் கஃபார் சாயபுவின் டேனரியில் ஆபேல் சூப்பர்வைசர். நவீன முறையில் தோல் பதனிடக் கற்றுவர இரண்டு வருஷத்துக்கு ஓர் ஆளை ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறார் சாயபு. மாதம் அறுநூறு மார்க் உதவித்தொகை. ஆபேலுக்கும் ஆசை, அவனோடு வேலை பார்க்கும் காசிக்கும் ஆசை. காசி கல்யாணமாகாதவன், ரொட்டியைத் தின்று தண்ணீரைக் குடித்துக் காலம் தள்ளிவிடுவான். ஆபேலோ பொன்மலரை விட்டு இரண்டு வருஷம் இருக்க மாட்டான். போனால் ஜோடியாகத்தான்.

"போன தடவ போனவன் மூணே மாசத்துல வெல ஜாஸ்தி, பேஜாரா இருக்குன்னு அழுதுகினு வந்துட்டான்," என்றார் சாயபு. "அறுநூறுல ரெண்டு பேர் பொழைக்க முடியும்னு நீ மார்ச் கடைசில கணக்கு காட்டு. டிக்கெட் உனக்கு. இல்லன்னா காசி போவான்."

"காட்டிட்டாப் போச்சு பாய்!"

பட்ஜெட் என்றால் ஆபேலுக்குப் பாயசம் மாதிரி. கல்யாணமான புதிதில், வேலூரில் நர்ஸாக இருந்த பொன்மலரை, "ஒரு சம்பளம் போதும், மிச்சத்த என் பட்ஜெட் பாத்துக்கும்" என்று வேலையை விடச் சொன்னவன் அவன். அவள் வெள்ளை உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஆபேலின் சம்பளமும் அறுநூறு ரூபாய்தான். அதில் அவனுக்கு ஒரு யோசனை பிறந்தது. ஜனவரியிலிருந்து மூன்று மாதம், ஒரு ரூபாய் என்றால் ஒரு மார்க்! எதை வாங்கினாலும் ஜெர்மன் விலை. தக்காளி கடையில் எட்டணா, அங்கே மூன்று மார்க் என்றால், கடைக்காரனுக்கு எட்டணா போக மீதி இரண்டரை ரூபாய் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். டப்பா பொன்மலர் பொறுப்பு. அதைத் தொடக் கூடாது. அது ஜெர்மன்காரன் பணம்.

விலை கேட்டு எழுதவும் ஆள் இருந்தது. பொன்மலரோடு நர்ஸ் படிப்புப் படித்த டோரதி அங்கேதான் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

ஜனவரி ஒன்றாம் தேதியே டப்பாவில் இருநூறு விழுந்தது. வாடகை!

"இது சொந்த வீடு மலரு," என்றான் ஆபேல்.

"ஜெர்மனியிலயும் சொந்த வீடு கீதா நமக்கு?"

பதினைந்தாம் தேதி கையில் காசு தீர்ந்தது. டப்பா கொழுத்தது, ஆபேல் இளைத்தான். மிச்ச நாளெல்லாம் கஞ்சி.

பிப்ரவரியில் ஆபேல் கத்தரியை எடுத்தான். முடிவெட்ட அங்கே பத்து மார்க் என்று தெரிந்ததும் அந்தச் செலவை ஒழித்தான். பொன்மலரே வெட்டினாள். ஆஸ்பத்திரியில் கட்டு வெட்டிப் பழகிய கை. மறுநாள் முதல் ஆபேல் டேனரிக்குத் தொப்பியோடு போனான்.

பஸ்ஸுக்கு ஒரு மார்க் இருபது. அதையும் ஒழித்து இரண்டு மைல் நடந்தான். மூன்றாம் வாரம் செருப்பு வாயைப் பிளந்தது.

"செருப்பு அறுபது மார்க்," என்றாள் பொன்மலர், கடிதத்தைப் பார்த்து.

"ஊரே தோல் வித்துப் பொழைக்குது! ஆம்பூர்ல உக்காந்துகினு செருப்புக்கு அறுபதா?"

"தோல நாம வித்துட்டமே. இப்ப செருப்ப அவங்ககிட்ட இல்ல வாங்கறோம்?"

அந்த வயிற்றெரிச்சலில்தான் ஆபேல் தப்பு செய்தான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ஒரு பிளேட் பிரியாணி சாப்பிட்டான். சாயங்காலம் வாசற்படியிலேயே பொன்மலர் மூக்கைச் சுளித்தாள்.

"எத்தினி பிளேட்டு?"

"ஒண்ணுதான் மலரு. கர்த்தர் சாட்சியா ஒண்ணுதான்."

"ஓட்டல் சாப்பாடு பதினோரு மார்க். எடுங்க."

அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதியே கஞ்சி வந்தது.

விலைப் புள்ளி இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்று ஆபேலுக்குப் பட்டது. "கோஸ் என்ன வெல, குளிருக்கு அடுப்புக்கரி என்ன வெல, எல்லாத்தயும் கேட்டு எழுது" என்று விரட்டினான். பொன்மலரும் சலிக்காமல் எழுதினாள். உறைகள் வரவரத் தடித்தன. ஆபேலே தன் எச்சிலால் ஒட்டித் தபாலாபீசில் சேர்த்தான். தபால்காரர் துரைசாமி வாரம் தவறாமல் பதில் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச்சில் ஆபேல் ஒற்றை விளக்கில் வாழ்ந்தான், காபியை மறந்தான், முருங்கை மரத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அப்படியும் இருபத்தைந்தாம் தேதி கை காலி. தாங்க முடியாமல் டப்பாவைத் தூக்கினான். லேசாக இருந்தது.

"இன்னா மலரு, கனமே இல்ல?"

"சில்லறைய நோட்டா மாத்திட்டேன். கீழ வைங்க, ஜெர்மன்காரன் பணம்!"

கடைசி வாரம் கடனுக்கு வாங்கிய கஞ்சி அரிசியையும் சேர்த்துக் கூட்டிக் கழித்ததில் மார்ச் செலவு அறுநூற்று நாற்பது. நாற்பது மார்க் துண்டு விழுந்தது. ஆபேலுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதம் வயிற்றைக் கட்டியது நாற்பது மார்க்கில் கவிழ்ந்துபோனதே! பொய்க் கணக்கு எழுத மனசு வரவில்லை.

"குடுங்க, நான் நல்லா எழுதித் தரேன்," என்றாள் பொன்மலர். அழகான கையெழுத்தில் படி எடுத்து, நாலாக மடித்துக் கொடுத்தாள். "தைரியமா போய்க் குடுங்க."

பிரித்துப் பார்க்கும் தெம்பில்லாமல் ஆபேல் அப்படியே கொண்டுபோய் சாயபுவின் மேஜையில் வைத்தான். சாயபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"செலவுப் பக்கம் யார் போட்டது?"

"நான்தான் பாய்," என்றான் ஆபேல், தலையைத் தொங்கப்போட்டு.

"வரவுப் பக்கம்?"

"எழுதினது வீட்டம்மா. அதுல இன்னா இருக்கு பாய், ஒத்த வரிதானே?"

சாயபு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "பலே! இந்தக் கணக்கு வச்சிருக்கறவன் எந்த ஊர்லயும் பொழைப்பான். நீயே போ. காசி அடுத்த தடவ பாத்துக்கட்டும்!"

ஆபேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது மார்க்கைச் சாயபு பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். மூன்று மாதக் கஞ்சியும் நடையும் வீண்போகவில்லை! தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றியபடி வெளியே வந்தான். இனி யார் அந்தத் தலையைப் பார்த்தால் என்ன?

டேனரி வாசலில் துரைசாமி சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"துரைசாமி அண்ணே!" என்று ஆபேல் நெஞ்சை நிமிர்த்திக் கூவினான். "எம் பொண்டாட்டிய ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

துரைசாமி கட்டுக்கட்டான தபாலிலிருந்து தலையைத் தூக்கிக் குழப்பத்தோடு அவனைப் பார்த்தார்.

"நீங்களா சார்? ஆயிரத்து நூறு மார்க் சம்பளத்துல அந்த ஊர் ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை உத்தரவ போன வாரம் ரிஜிஸ்தர் தபால்ல நான் குடுத்தப்போ, 'டப்பாப் பணத்துல பாஸ்போர்ட் எடுத்தாச்சு, அவரையும் கூடவே கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லி அம்மா எனக்கு வாய் இனிக்க மக்கன் பேடாவே குடுத்துட்டாங்களே!"