சகலன் வீட்டுக் கறையான்

அன்று நூலக மண்டபத்தில் இருந்தவர்கள்: நூலகர் ஜெயராணி மிஸ், எங்களுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களை அன்பளிப்புச் செய்த உடுப்பிட்டி நவரத்தினம் மாஸ்ரர், அவருடைய மனைவி, புதுச்சட்டையோடு நான். இல்லாதவன் சுகந்தன். ஆடி அமாவாசை என்பதால் காலமான தகப்பனுக்குக் கடன் கழிக்கக் கீரிமலைக்குப் போயிருந்தான். முன்பின் தெரியாத ஒரு மனிதர் செத்துப்போனதற்காக நான் மனதார மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.

நானும் சுகந்தனும் ஒரே நாளில் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள். நிரந்தர இடமோ ஒன்றே ஒன்று. புத்தக விபரங்களைக் கணினிப் பட்டியலில் ஏற்றுவது வேலை. நாளுக்கு அவன் இருபது ஏற்றுவான், நான் பதினொன்று. (அவனுடைய கையெழுத்தும் அழகு. கணினியில் தட்டுகிறவனுக்கு எதற்கு அழகான கையெழுத்து?) அவன் தபாலதிபரின் மகன். என் ஐயா கோப்பாயில் வெங்காயம் போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்.

மிஸ்ஸிடம் ஒரே சட்டம்தான்: "புத்தகத்தைக் கையிலை எடுத்து, திறந்து பாத்துப் பதியவேணும். கடைசி வரியிலை பதிஞ்ச ஆளின்ரை பேர் இருக்கவேணும்."

மாஸ்ரரின் புத்தகங்கள் ஒன்றுவிடாமல் பட்டணத்து நூலகம் ஒன்றின் இணையப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. ஏன் என்று யோசிக்கிற மூளை பொறாமைக்காரனுக்கு ஏது? ஒரு புத்தகத்தையும் திறக்காமல், அங்கிருந்ததை அப்படியே இறக்கி ஒட்டினேன். இரண்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு! ஒவ்வொன்றின் அடியிலும் என் முழுப்பெயர்.

"எப்பிடியடாப்பா?" என்று சுகந்தன் வாய் பிளந்தான். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

பட்டியலை மாஸ்ரருக்குக் காட்டும் நாள் வந்தது. பெரிய திரை, முன்வரிசைக் கதிரைகள், விளக்கம் சொல்ல நான்.

"மாஸ்ரர், உங்கடை புத்தகம் ஒண்டின்ரை பேரைச் சொல்லுங்கோ."

அவர் ஒரு சோதிட நூலைச் சொன்னார். தட்டினேன். திரையில் வந்தது: 'கடைசி எட்டுப் பக்கங்கள் கறையான் அரித்தவை. அன்பளிப்பு: க. பொன்னுத்துரை.'

முதலில் சிரித்தது மாஸ்ரரின் மனைவி. "ஐயோ, உது எங்கடை அக்காவின்ரை மனுசனெல்லே!"

மாஸ்ரர் எழும்பினார். "நான் ஒரு புத்தகம் வாங்கினால் அடுத்தநாளே ஓடிப்போய் வாங்கிறவன் என்ரை சகலன். போன வருசம் அவ்வளவத்தையும் பட்டணத்து நூலகத்துக்குக் குடுத்துப் பேரெடுத்தவன். இப்ப என்ரை புத்தகத்துக்கும் அவன்ரை பேரோ?" அலுமாரியிலிருந்து அந்த நூலை இழுத்துக் கடைசிப் பக்கங்களை விரித்துக் காட்டினார். "எங்கை கறையான்? கறையானும் அவன் வீட்டுக் கறையான்! ஆர் தம்பி உதைப் பதிஞ்சது?"

"சுகந்தன், மாஸ்ரர். இண்டைக்கு வரேல்லை."

(இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

மிஸ் திரையை ஒரு வரி கீழே இறக்கினா. அங்கே என் பெயர், தடித்த எழுத்தில். அடுத்த புத்தகத்திலும் நான். அதற்கடுத்ததிலும் நான்.

"பிழையான பதிவைத் திருத்தலாம். இல்லாதவன்ரை தலையிலை போட்டியே, அதை எப்பிடியடா திருத்திறது?" என்றா.

நிரந்தர இடம் சுகந்தனுக்குப் போனது. நான் முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பக்கம் எண்ணிப் பதிந்தேன். வீட்டுக்கு ஆர் வந்தாலும் ஐயா இன்றைக்கும் சொல்லுவார்: "நான் கைநாட்டு. ஒரு இடத்திலையும் மாட்டுப்படேல்லை. இவன் படிச்சவன், முந்நூற்றிப் பன்னிரண்டு இடத்திலை பேரெழுதி மாட்டுப்பட்டவன்."

மாஸ்ரரைச் சமாதானப்படுத்த, அவர் பெயரும் படமும் போட்ட வர்ணச் சீட்டை ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டவேண்டியிருந்தது. சீட்டுக்கு இருபது ரூபாய், என் செலவில். நடந்ததெல்லாம் தெரிந்தும், நான் கேட்காமலே சுகந்தன் பாதியைக் கொடுத்தான். நல்லவனாக இருப்பதிலும் அவன் முந்திவிட்டதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. ஆளுக்கு மூவாயிரத்து நூற்றிருபது ரூபாய்.