பெரியப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் விழுந்த மாப்பிள்ளை

பலூனில் ஏறப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சொந்தக்காரர் யாருடனாவது கோபம் இருந்தால், அதைத் தீர்த்துவிட்டு ஏறுங்கள். (தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.)

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழைப் பக்கம். பக்கத்து வளவு பெரியப்பாவுடையது. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார் என்று அப்பா அவருடன் கதைப்பதை விட்டுப் பல வருடம். என் கலியாணம் சரிவந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "உவருக்குச் சொன்னியெண்டால் நான் மணவறைப் பக்கமே வரமாட்டன்." எனக்குச் சைக்கிள் பழக்கியவர் பெரியப்பா. அவர் இல்லாமல் தாலி கட்ட எனக்கு மனம் வரவில்லை. அதை அப்பாவிடம் சொல்லும் துணிவுதான் இல்லை.

துணிவு இல்லாதவனைப் பலூனில் ஏற்றினார், என் வருங்கால மனைவி தர்சினியின் அண்ணன். கனடாவில் இருந்து கமராவோடு வந்தவர். "கலியாணத்துக்கு முதல் எல்லாரும் கடற்கரையிலைதான் படம் எடுக்கினம். நாங்கள் மேலை போய் எடுப்பம்" என்றார். உல்லாசப் பயணிகளுக்காக வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வயல்வெளியில் வெப்பக்காற்றுப் பலூன் வந்திருந்தது. கிணற்றை எட்டிப் பார்க்கவே கிணற்றுக்கட்டைப் பிடிக்கிற நான், பட்டுவேட்டியோடு போய் நின்றேன். கூடைக்குக் கதவு இல்லை. தர்சினி சேலையோடு ஏறிவிட்டாள். என்னை இரண்டு பேர் தூக்கிப் போட்டார்கள். பின்னால் அண்ணன் கமராவோடு ஏறினார்.

"எங்கை அண்ணை இறங்குவம்?" என்று பலூன் ஓட்டுபவரைக் கேட்டேன்.

"ஏத்தி இறக்குறது நான். எந்தப் பக்கம் எண்டது காத்தின்ரை விருப்பம்."

மேலே போனதும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. காற்றோடு சேர்ந்து போவதால் முகத்தில் காற்றே படவில்லை. "உங்கை பார், எங்கடை வீடு" என்று தர்சினிக்குக் காட்டினேன். சண்டைக்குரிய அந்த ஒரு முழத்தையும் தேடிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பலூன் இறங்குவதைக் கவனித்தேன்.

"முழங்காலை மடிச்சு, கயித்தைப் பிடியுங்கோ" என்றார் ஓட்டுபவர்.

"இஞ்சை வேண்டாம் அண்ணை. வேறை எங்கையெண்டாலும் இறக்குங்கோ."

கூடை பெரியப்பாவின் வெங்காயப் பாத்தியில் மோதி, சரிந்து, இழுபட்டு, வேலியைப் பிய்த்துக்கொண்டு நின்றது. என் வேட்டி வேலிக் கதியால் தடியில் சிக்கிக் கிழிந்து அப்பாவின் வளவுக்குள் விழுந்தது. (உள்ளே காற்சட்டை இருந்தது. அதில் கரடிப் படமும் இருந்தது.)

பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த பெரியப்பா ஓடி வந்தார். தன் தோளில் கிடந்த துவாயை என் இடுப்பில் சுற்றினார். "பிள்ளை, அடி கிடி பட்டதோ?" என்று தர்சினியைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கலியாணத்துக்குச் சொல்ல வந்தனியோ தம்பி?"

பிய்ந்த வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா, கையில் என் வேட்டியுடன் நின்றார்.

"ஓம் பெரியப்பா" என்றேன்.

பெரியப்பா அப்பா பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னார்: "வெங்காயம் போனால் போகட்டும், நான் வருவன் எண்டு கொப்பரிட்டைச் சொல்லு."

அப்பா வேட்டியை உதறி மடித்தார். திரும்ப உதறினார். திரும்ப மடித்தார்.

"வாறதெண்டால் முதல்நாளே வரச் சொல்லு. பந்தல் வேலை கிடக்கு" என்றார், அவரும் என்னிடம்தான்.

கலியாண வீட்டில் பந்திக்குப் பந்தி பெரியப்பா ஒரே கதையைச் சொன்னார்: "மற்றவை காரிலை வந்துதான் சொன்னவை. என்ரை தம்பியின்ரை பெடியன் வானத்தாலை விழுந்து சொன்னவன்." தர்சினியின் அண்ணன் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்குவது, நான் துவாயோடு நிற்கும் படம்தான்.

வேலியின் அந்தப் பொத்தலை இன்னும் அடைக்கவில்லை. "அண்ணை அடைப்பார்" என்கிறார் அப்பா. "தம்பி அடைப்பான்" என்கிறார் பெரியப்பா. பின்னேரத் தேத்தண்ணிக்கு இருவரும் அதற்குள்ளால்தான் போய் வருகிறார்கள், குனிந்து.