அனுபவச் சான்று இணைக்கப்பட்டுள்ளதா?

2006ஆம் வருடம், பட்டாசுக் கடை உரிமம் கேட்டு இனி யாரும் விருதுநகருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று ஓர் அலுவலகம் மக்கள் நலன் கருதி முடிவெடுத்தது. தளம் செய்யும் பொறுப்பு, சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்த சுஃபியானிடம் வந்தது.

அவன் ஒரே ஒரு பக்கம் செய்துகொண்டு போனான். வெள்ளைப் பின்னணி, நடுவில் 'விண்ணப்பிக்க' என்றொரு பொத்தான்.

கண்காணிப்பாளர் கனகசபாபதிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தம்பி, மொட்டையா இருக்கு? ஆபீஸுன்னா ஒரு கம்பீரம் வேண்டாமா?"

"வர்றவுக வந்த சோலிய முடிச்சிட்டுப் போகணும் சார். பயனாளர் அனுபவம்னு சொல்லுவாக."

கனகசபாபதி அந்தச் சொல்லை டைரியில் குறித்துக்கொண்டார்.

பிறகு கம்பீரம் ஏற்றப்பட்டது. அவருடைய படம், வாழ்த்துரை, மேலதிகாரியின் சற்றே பெரிய படம், ஓடும் எழுத்து, நாதஸ்வரம், ஓயாமல் சுற்றும் தரைச்சக்கரம். பொத்தான் இறங்கி இறங்கி, போன வருடத்து டெண்டர் அறிவிப்புகளுக்கும் கீழே போய்ச் சேர்ந்தது.

வெள்ளோட்டத்துக்கு நாரணாபுரம் செல்லக்கனி வரவழைக்கப்பட்டாள். தீபாவளிக்குக் காரியாபட்டியில் கடை போடுகிறவள். அந்த ஒரு சீசன்தான் அவளுக்கு வருடம் முழுக்கச் சோறு. அரை மணி நேரம் மவுஸை உருட்டினாள்.

"ஏன் தம்பி, சாரோட படத்த ஆறு இடத்துல பாத்துட்டேன். மனு எங்கன இருக்கு?"

சுஃபியானுக்கு மனசு குளிர்ந்தது. "பாத்தீகளா சார், அனுபவம் சரியில்ல."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன். இந்தம்மாவுக்கு அனுபவம் பத்தாது."

மறுநாளே சுற்றறிக்கை வந்தது: 'பயனாளர் அனுபவத்தை உறுதிசெய்யும் பொருட்டு, விண்ணப்பதாரர் இத்தளத்தைப் பயன்படுத்திய அனுபவத்துக்கான சான்றினைத் தவறாது இணைத்தல் வேண்டும்.'

"தளம் பொறந்தே பத்து நாளுதான சார் ஆகுது? அனுபவம் யாருக்கு இருக்கும்?"

"உனக்கு இருக்குல்ல? நீ சான்று குடு."

அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்தான் சுஃபியான். நாரணாபுரத்திலிருந்தும் ஆனைக்குட்டத்திலிருந்தும் ஆட்கள் விருதுநகருக்கு பஸ் ஏறிவந்து அவன் முன் வரிசையில் நின்றார்கள். முதல் சான்றைச் செல்லக்கனிக்கு எழுதும்போது, "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுவாரம் ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டான். ஸ்டாம்பு வந்தபின் அவனுக்கும் ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து வந்த புதிய அதிகாரி கோப்பைப் படித்தார், தலையில் அடித்துக்கொண்டார், சான்று இனி தேவையில்லை என்று உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலமே அவர் அறை வாசலில் நாற்பது பேர்.

"சான்ற எடுத்தா எப்படிங்கய்யா?" கூட்டத்தின் முன்னால் நின்ற செல்லக்கனி பொரிந்தாள். "நான் மூணு வருசம் அனுபவம் வச்சிருக்கேன். நேத்து கடை போட வந்தவனும் நானும் ஒண்ணா?"

கண்டன மனுவில் அவளுடையதுதான் முதல் கையெழுத்து. சுஃபியான் அதை ரொம்பப் பொறுப்பாக, ஒரு பிழைகூட இல்லாமல் டைப் அடித்திருந்தான்.