அடுத்தவன் தலையில் வைத்த நேர்த்தி

சாமிக்கு முடி தருவதாக நேர்த்தி வைக்கிறவர்கள் தங்கள் சொந்த முடியைத்தான் தருவதாகச் சொல்ல வேண்டும். இது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். எழுபதுகளின் நடுவில், சிட்னிக்கு வந்த புதிதில், தெரியாது.

அப்போது நாங்கள் மெரிலேண்ட்ஸில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அவருக்கு (என் வீட்டுக்காரருக்கு) ரயில் பட்டறையில் வேலை. பின் அறையைக் கெவின் என்ற வெள்ளைக்காரப் பெடியனுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். தூரத்து நாட்டுப்புறத்திலிருந்து ஆசிரியர் கல்லூரிக்குப் படிக்க வந்தவன். கல்லூரி ரக்பி அணியில் அவன்தான் நட்சத்திரம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவனைக் குறுக்கே பாய்ந்து மறித்து நிலத்தில் விழுத்துவது அவன் வேலை. வீட்டில் பரம சாது. தோள்வரைக்கும் தங்க நிறத்தில் முடி. ஓடும்போது அது பின்னால் பறக்கும். மைதானத்தின் இந்தக் கரையில் நின்றே, கண்ணாடி போடாத எனக்கும், அவனைத் தெரியும்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் எங்கள் குசினியில் அடுத்த ஆட்டம் தொடங்கும். ஒரு பக்கம் அவர். மறுபக்கம் ராமநாதன். மதராஸ்காரர், எஞ்சினியர். பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். சமைக்கத் தெரியாது, ஆனபடியால் எங்கள் வீட்டில் சாப்பாடு.

“என்ன ஐசே, இண்டைக்கு அந்த மலைமாடு மாதிரி வந்தவனைக் கெவின் விழுத்தினதைப் பாத்தனீரோ?” என்று என் வீட்டுக்காரர் தொடங்குவார்.

“பார்த்தேன் சார். அவன் கால் தடுக்கி விழுந்தான். கெவின் மேல போய்ப் படுத்துக்கிட்டான்.”

“தடுக்கினதோ? உமக்குக் கண்ணில ஏதும் குறையோ?”

“முடி பறக்குது சார். அதனால எங்க பார்த்தாலும் அவனே நிக்கிற மாதிரி இருக்கு. அந்த முடியை எடுத்துட்டா சாதாரண ஆட்டக்காரன். காலேஜ் பசங்ககிட்ட செல்லும். பெரிய கிளப்புக்குப் போனா சட்னிதான்.”

“என்ர சோத்தைத் திண்டுகொண்டு என்ர பெடியனைச் சட்னி எண்டுறீர்.”

“சோறு அக்கா போட்டது சார். அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம்.”

கெவின் அதே மேசையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். தன் பெயர் வரும்போதெல்லாம் சிரிப்பான். திட்டு விழுந்தாலும் சிரிப்பான்.

நான் கெவின் கட்சி. ஆட்டம் எனக்கு விளங்காது, ஆனால் அவன் எங்கள் வீட்டுக்கு வரும்போது குச்சி மாதிரி இருந்தவன். அந்தத் தோள்களில் பாதி என் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவனைக் கெட்டிக்காரன் இல்லை என்று சொன்னால் என் சமையலைச் சொன்ன மாதிரி.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெரிய கிளப், கல்லூரி ஆட்டக்காரர்களில் சிலரைச் சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிடப் போகிறது என்று கதை வந்தது. கெவினுக்குச் சின்ன வயதிலிருந்து இருந்த ஆசை அது ஒன்றுதான். கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்ற யோசனையில் ஒருநாள் புட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்பிப் போனான். அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மேய்ஸ் ஹில்லில் இப்போது இருக்கும் கோயில் அப்போது இல்லை. குசினியில் ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த படம்தான் எனக்கு முருகன். அதற்கு முன்னால் நின்று, “முருகா, அவனைக் கூப்பிடட்டும், அவன்ர முடியை உனக்குத் தாறன்” என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளையின் முடியைத்தான் நேருவார்கள். பிள்ளையைக் கேட்பதில்லை. அந்தப் பழக்கம். (எனக்கும் அப்போது இடுப்புவரை முடி இருந்தது. அது ஏனோ ஞாபகத்துக்கு வரவில்லை.)

கூப்பிட்டார்கள். வருகிற சனிக்கிழமையே ஆட்டம். வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டு திரிய, எனக்கு மட்டும் நேர்த்தி ஞாபகம் வந்தது. முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார். கடனைத் தீர்க்காமல் பெடியனை மைதானத்துக்கு அனுப்பி, அவன் அங்கே சட்னியாகிப் போனால் பழி யாருக்கு?

வீட்டுக்காரரிடம் சொன்னால் மறிப்பார். சனிக்கிழமை காலையில் அவர் ராமநாதன் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, கெவினை வீட்டின் துணி துவைக்கும் லாண்டரி அறைக்குள் கூப்பிட்டேன். என் இங்கிலீசு அப்போது நாலு சொல். கையோடு கொண்டுபோன முருகன் படத்தைக் காட்டினேன், அவன் முடியைக் காட்டினேன், விரலால் கத்தரித்துக் காட்டினேன். அவன் தன் முடியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, “அதிர்ஷ்டத்துக்கா அன்ரி?” என்று இங்கிலீசில் கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். சரி என்று அங்கே கிடந்த நீள மர வாங்கில் குந்திவிட்டான். அதிர்ஷ்டம் போய்விடும் என்று அந்தப் பருவம் முழுக்கத் துவைக்காத சொக்ஸோடு விளையாடிக்கொண்டிருந்தவன் அவன். நேர்த்தி என்பது அவனுக்கு உடனே விளங்கியது.

வீட்டுக்காரரின் சவர அலகால் வழித்தேன். நான் அம்பட்டன் வேலை பழகியவள் இல்லை. முடிந்தபோது தலை மாங்காய் கொத்திய மாதிரி இருந்தது. காயத்துக்கும் சாமிக்கும் சேர்த்துச் சந்தனம் பூச வேண்டும். வீட்டில் இருந்த சந்தனத் தூள் அந்தப் பெரிய தலைக்குக் காணாது. மஞ்சளைக் கலந்து குழைத்துத் தாராளமாகப் பூசினேன். கெவின் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் மைதானத்துக்குப் போனான்.

நாங்கள் மூன்று பேரும் பின்னால் போய் வாங்கில் இடம் பிடித்தோம். கல்லூரிக்காரர்களுக்கு நீலச் சட்டை, கிளப்பின் பெடியன்களுக்கு நல்ல வெள்ளைச் சட்டை. நீலச் சட்டைகள் ஓடி வந்தன. நடுவில் ஒரு மஞ்சள் தலை. சனம் சிரிக்கத் தொடங்கியது.

ராமநாதன்தான் முதலில் வாய் திறந்தார். “சார், அது பழனி மொட்டை மாதிரி இருக்கு.”

என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “இஞ்சேரும். என்ன செய்தனீர்?”

“நேர்த்தி.”

“ஆற்ற நேர்த்தி?”

“என்ர.”

“ஆற்ற முடி?”

நான் ஆட்டத்தைப் பார்த்தேன்.

முதலாவது வெள்ளைச் சட்டை பந்தோடு வந்தது. கெவின் தலையைக் குனிந்து விலாவில் பாய்ந்தான். இரண்டு பேரும் விழுந்து எழும்ப, வெள்ளைச் சட்டையில் தோசை அளவில் மஞ்சள். அடுத்தவன் வயிற்றில் ஒன்று. அதற்கடுத்தவன் தோளில் ஒன்று. வியர்வையில் மஞ்சள் நன்றாக ஊறிப் பிடித்தது. இடைவேளை வரும்போது எதிர் அணி மஞ்சள் நீராட்டுக்குப் போய் வந்த ஆட்கள் போல நின்றது. நடுவரின் முழங்கையிலும் கொஞ்சம்.

தொப்பி போட்ட ஒரு முதியவர், ஆள் எடுப்பவர், கெவினைக் கூப்பிட்டுத் தலையைக் காட்டி ஏதோ கேட்டார். கெவின் கையை நீட்டி என்னைக் காட்டினான். மைதானமே திரும்பி என்னைப் பார்த்தது. அந்த மனிதர் எங்கள் வாங்குவரை நடந்து வந்து, இது என்ன என்று கேட்டார். கடவுள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார். பிறகு வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார்.

எனக்கு அந்த வாங்குக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள்.

“எண்ணும் ஐசே. ஒவ்வொரு மஞ்சளும் கெவின் விழுத்தின ஆள். இனிக் கால் தடுக்கினது எண்டு சொல்லேலாது.”

“அந்தக் குள்ளனுக்கு முதுகுல இருக்கு சார். பின்னாடி ஓடிப் பிடிச்சது. அது சேராது.”

“பின்னால ஓடிப் பிடிக்கிறதுக்குக் கால் வேணும்.”

“சரி. அந்தத் தாடிக்காரன் சட்டை இன்னும் வெள்ளையாவே இருக்கே? ஆளும் அவன்தான் பெரிய ஆள். அவனை விழ வைக்கட்டும், ஒத்துக்கிறேன்.”

கடைசி நேரத்தில் தாடிக்காரன் பந்தோடு வந்தான். குளியலறைக் கதவு நடந்து வருவது போல இருந்தது. கெவின் கீழே பாய்ந்தான். இரண்டு பேரும் மண்ணில் புரண்டார்கள். தாடிக்காரன் எழும்பினான். சட்டையில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

“வெள்ளை சார்,” என்றார் ராமநாதன், கண் முன்னால் விழுந்தவனைப் பார்த்துக்கொண்டே.

“முழங்காலைப் பாரும்.”

இரண்டு முழங்காலும் மஞ்சள். ராமநாதன் எழும்பி நின்று பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒத்துக்கிறேன் சார். ஆனா முடி இல்லாததால நல்லா ஆடினான்.”

அதாவது என்னால். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கிளப் அவனை எடுத்தது. முதல் அணிக்கு இல்லை, இரண்டாம் அணிக்கு. அது பெரிய காரியமா இல்லையா என்று இரண்டு பேரும் இன்னும் பல வருடம் சண்டை பிடித்தார்கள். கிளப்காரர் வெள்ளைச் சட்டைகளை ஒரு சாக்கில் கட்டி என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். சவர்க்காரம் போட்டுத் தோய்த்தால் மஞ்சள் போகாது, வெயிலுக்குத்தான் போகும். குளிர்கால வெயில் தெரியும்தானே. அந்த மாதம் முழுக்க என் கொடியில் ஒரு ரக்பி அணி தொங்கியது.

இப்போது மேய்ஸ் ஹில் கோயிலில் நான் கைகூப்பிக் கண்ணை மூடினால் போதும், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இரண்டு கையாலும் தங்கள் தலையைப் பொத்திக்கொள்வார்கள். போன திருவிழாவுக்குக் கெவினும் வந்தான். வயதுபோய்த் தானாகவே மொட்டையாகிவிட்டான், பேருக்கு ஒரு முடி இல்லை. நான் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். அவனும் பொத்திக்கொண்டு நின்றான்.