அண்ணியின் சொற்பொழிவுக்கு எங்கள் வீட்டு ஆதாரம்

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீங்களும் அண்ணனும் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டது நலமல்ல, ஆதாரம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மகளின் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டினேன். மூன்று மாதத்தில் இது மூன்றாவது. நேற்று வாங்கும்போது கடைக்காரர், "என்னக்கா, வீட்டுக்குள்ள காளை மாடு ஏதும் வளக்கறீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, வீடியோ கேம்" என்றேன். "அதான பாத்தேன். எல்லா வீட்லயும் இதே கதைதான்" என்று திருகாணிகளைப் பொட்டலம் கட்டினார். பாருங்கள், உங்களுக்கான ஆதாரம் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது.

பெற்றோர் சங்கக் கூட்டத்தில் 'சுடும் விளையாட்டும் பிள்ளைகளின் மூர்க்கமும்' என்று பேசப்போவதாகவும், அந்த விளையாட்டு வந்தபின் எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் எழுதும்படியும் சொல்லியிருந்தீர்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள் நான். வந்ததை வந்தபடி எழுதித்தான் பழக்கம். விளையாட்டு வந்தபின் வீட்டில் மூர்க்கம் கூடியது உண்மை. இரண்டு தாழ்ப்பாள், ஒரு முக்காலி, சுவர்க் கடிகாரம், என் மூக்குக் கண்ணாடி இரண்டு தடவை. ஆனால் இவற்றை உடைத்தவருக்கு அந்த விளையாட்டை எந்தப் பொத்தானில் திறப்பது என்றுகூடத் தெரியாது. உடைத்தவர் உங்கள் கூடப்பிறந்த தம்பி. விளையாடுகிறவளோ தினம் மாலை ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரைச் சுட்டுவிட்டு எழுந்து வந்து, கரப்பான் பூச்சியைக் கண்டால், "அடிக்காதம்மா, வெளிய விட்டுடு" என்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்து கவனி என்று எழுதியிருந்தீர்களே, போன வாரம் உட்கார்ந்தேன். "பாத்தா என்ன தெரியும், நீயே ஆடிப் பாரு" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள். கூட விளையாடுகிற நான்கு பேர் எந்தெந்த ஊரோ, முகம் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் உங்கள் தம்பி ஆரம்பித்தார். மின்விசிறியை நிறுத்தாமல் வந்துவிட்டேனாம். உடனே என் காதுக்குள் ஒரு பையன் குரல்: "டேய், அவங்க அப்பா ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் சுவத்தப் பாத்துச் சுடுங்க." இன்னொருத்தன், "எங்கிட்ட பதினோரு குண்டுதான் இருக்கு, எவனாவது வந்தா?" என்கிறான். "வந்தா செத்துக்கலாம், சுடுடா." அண்ணி, எனக்கு ஒண்ணும் புரியல. சும்மா நிக்கிற சுவத்த நாலு பேரும் சல்லடையாக்கறாங்க, எனக்குக் காது அடைச்சுப்போச்சு. இவளைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான்தாம்மா சொல்லிவச்சேன். அப்பா கத்தறது எனக்குக் கேக்கக்கூடாதுன்னு சுடுவாங்க" என்கிறாள். மூணு மாசமா இதே வேலையா, அதனால புள்ளிப் பட்டியல்ல இவங்க அணிதான் கடைசியாம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல அவர் கத்தும்போது அவர் குரல் எனக்குக் கேக்காம இருந்தது அந்த மூணு நிமிஷம்தான். ஹெட்போனைக் கழட்ட மனசே வரல.

ஒளிக்காமல் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். அவர்களோடு சேர்ந்து நானும் சுட்டேன். சுவரில் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டுதான் சுட்டேன். பிடித்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. விளையாட்டு கற்றுக்கொடுத்தது என்று நீங்கள் கூட்டத்தில் சொல்லலாம், ஆனால் அது பொய். அது என்னிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் "சட்டைக் கைய மடிச்சு விடுங்க" என்று சொல்வது என் வேலை. என் கையை மட்டும் வெயில் காலத்திலும் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு போகிறேன்.

முந்தாநாள் வரை அவர் கை நீண்டதெல்லாம் என் வரைக்கும்தான். முந்தாநாள் சாயங்காலம் அவள் கதவைத் தோளால் இடித்து, "என் வீட்டுக்குள்ள வன்முறை நுழையக்கூடாது" என்றார். தாழ்ப்பாள் அவருக்கு முன்னால் நுழைந்தது. ஹெட்போனை அவள் தலையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். வயர் உரசிக் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. அவள் அழவில்லை. "அப்பா, மைக் ஆன்ல இருக்கு. எல்லாருக்கும் கேக்குது" என்றாள். அவ்வளவுதான், உங்கள் தம்பி கையை எடுத்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் நடத்துகிற குரலில், "தம்பிங்களா, விளையாடினது போதும், போய் நல்லா படிங்க" என்றார்.

அவன் முன்கோபி, வந்தா அவனால அடக்க முடியாது, மனசு குழந்தை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் பதினெட்டு வருஷமா அப்படித்தான் நெனச்சேன், அடங்காத ஒண்ணோட மல்லுக்கட்டி என்ன ஆகப்போகுதுன்னு. அடங்குது அண்ணி. நாலு பேர் காதுல விழுதுன்னா, ஒரு நொடியில அடங்குது.

எப்படியோ, நீங்கள் சொன்னபடி நேற்று அந்த விளையாட்டுப் பெட்டியை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன். "இனிமே வீடு வீடா இருக்கும்" என்று உங்கள் தம்பி இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். மகள் என்னோடு பேசுவதில்லை. பெட்டி போனது, நிம்மதி வந்தது என்று நீங்கள் கூட்டத்தில் தாராளமாகச் சொல்லலாம். கை தட்டுவார்கள்.

அண்ணனின் முழங்கால் வலி குறையட்டும். உங்கள் பேச்சு எல்லார் காதிலும் ஏறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: பெட்டி போயிருப்பது, நான் வேலை செய்யும் இடத்துக்குப் பின்தெருவில் வாடகைக்குப் பிடித்திருக்கும் ஒரு மாடி அறைக்கு. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரச் சனிக்கிழமை ஆகிவிடும். வியாழக்கிழமை உங்கள் தம்பி வேலைக்குக் கிளம்பியதும் நாங்கள் இருவரும் அங்கே போகிறோம். திரும்பி வருவதாக இல்லை. மகளுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.