இரண்டாம் வளைவு

மாதேஸ்வரன் இன்றும் முந்திக்கொண்டு போனான். ஓசூர் மலைக்கோயில் ரோட்டின் இரண்டாம் வளைவில் மூச்சு வாங்க நின்ற கமலக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது.

மூன்று வருடங்களாக ஃபேக்டரி ஓட்டத்தில் அவன்தான் முதல். போச்சம்பள்ளியில் நடக்கும் பெரிய போட்டிக்கு ஃபேக்டரி அனுப்புவது ஒரே ஒரு ஆளை. இந்த வருடம் அந்த இடம், ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த மாதேஸ்வரனுக்குப் போய்விடும் போலிருந்தது. போதாததற்கு, மாதேஸ்வரன் ஓடுகிற அழகைக் கமலக்கண்ணனின் மனைவி ஜோதிமணி காலைக் காப்பியோடு சேர்த்துப் பரிமாறினாள்.

ஃபேக்டரி லைனில் நின்று வேலை செய்பவர்களை வீடியோ எடுத்து, அவர்களின் வீண் அசைவுகளைக் கழித்து, நொடிகளை மிச்சப்படுத்துவதுதான் கமலக்கண்ணனின் வேலை. அந்த வித்தையை இங்கே காட்டினால் என்ன? மறுநாள் விடியலில் இரண்டாம் வளைவு மரத்தின் பின்னால் போனோடு ஒளிந்துகொண்டான்.

எல்லாம் பதிவானது. குளிருக்கு ஜாக்கெட் போட்ட மாதேஸ்வரன், இரண்டு கைகளையும் மார்போடு ஒட்டி வைத்திருந்தான். முன்னால் குனிந்து, நுனிக்காலில் குட்டிக் குட்டி அடிகள். தலை இடமும் வலமும் திரும்பியது. வாயில் “ஹுஸ், ஹுஸ்” என்று ஒரு சத்தம். மூச்சுப் பயிற்சி! படுபாவி, எங்கே போய்க் கற்றான்?

அப்படியே ஓடிப் பார்த்ததில் கமலக்கண்ணனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. குனிவு போதவில்லை என்று இன்னும் குனிந்தான், இடுப்பு போனது. தலையைத் திருப்பாததுதான் குறை என்று திருப்பினான். அடிவாரத்தில் பூவும் பழமும் விற்கும் சம்பங்கியின் கூடைமேல் போய் விழுந்தான்.

“தைலம் தீர்ந்துபோச்சுங்க,” என்றாள் ஜோதிமணி. “மாதேஸ்வரண்ணன் வூட்ல தைலமே வாங்கறதில்லையாம்.”

இடுப்பைவிட அது அதிகம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஃபேக்டரி முன்னால் சமதள ரோட்டில் தேர்வு ஓட்டம். கமலக்கண்ணன் கைகளை மார்போடு அணைத்து, “ஹுஸ், ஹுஸ்” என்று ஓடினான். கேட்டில் நின்ற செக்யூரிட்டி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். மாதேஸ்வரன் கையை வீசிச் சாதாரணமாக ஓடி முதலில் வந்தான். கமலக்கண்ணன் கேண்டீன் மாஸ்டருக்கும் பின்னால் வந்தான். நாலு பேர் முன்னால் வித்தையைக் காட்டாமல் ஒளித்துவிட்டான் கள்ளன் என்று பொருமினான். போச்சம்பள்ளி கைவிட்டுப் போனது.

மறுநாள் நொண்டிக்கொண்டே அடிவாரத்துக்குப் போய், சம்பங்கியிடம் கேட்டே விட்டான்.

“ஏம்மா, அந்த மாதேஸ்வரன் தெனமும் உன் கடையில நின்னுட்டுத்தானே மேல போறான்? இந்த ஓட்டத்த யாருகிட்டக் கத்துக்கிட்டானாம்?”

சம்பங்கி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சாமிக்கு வாங்கற வாழப்பழத்த ரெண்டாவது வளைவுல கொரங்கு புடுங்கிருதுன்னு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சு அணைச்சுக்கிட்டு, ஹுஸ் ஹுஸ்னு வெரட்டிக்கிட்டே ஓடுது அந்தண்ணன். நீங்க எதைண்ணா உள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஓடறீங்க?”