ஒரு சொட்டு ஒழுகாது

"என்னங்க, சாம்பார் குண்டானைக் காணோம்!"

"இங்கதான் இருக்கு" என்றான் உத்தமன், பைக்குக்கு அடியில் படுத்தபடி. குண்டானில் கன்னங்கரேலென்று பழைய எஞ்சின் ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது.

மைதிலி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாளைக்கு எனக்கு வேலையில முதல் நாள். காலையில வேலப்பன்சாவடி காலேஜ்ல நிக்கணும். இன்னிக்குப் போய் வண்டியைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்களே! யூசுப் பாய்கிட்ட விட்டா ஆகாதா?"

"ராணுவ டாங்கிக்கே போல்ட்டு முறுக்குறவன் நான். ஒரு சொட்டு ஒழுகாது, பாரு!"

ஆவடி குவார்ட்டர்ஸில் அது ஒரு மானப் பிரச்சினை. டாங்கியைக் கழற்றி மாட்டுகிறவன் பைக்கை மெக்கானிக்கிடம் விட்டால் நாலு பேர் சிரிப்பார்கள்.

மாமியார் வரலட்சுமி காபியோடு நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்கால் வலி. அதற்காகச் சென்னீர்குப்பத்தில் ஒரு சாமியாரிடம் மைதிலி கால்கடுக்க நின்று வாங்கிவந்த செப்பு வளையம், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் ஆடியது. தொலைத்தால் வலி இன்னொரு காலுக்கும் வரும் என்பது சாமியார் வாக்கு.

டிங்!

"என்ன அத்தை சத்தம்?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, டம்ளர் இடிச்சுது. காபி ஆறிடும்!" என்றவள், வந்ததைவிட வேகமாக நொண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

உத்தமன் காபியைக் குடித்துவிட்டுக் கையை நீட்டினான். பேப்பர் மேல் வைத்திருந்த புது வாஷரைக் காணோம். ஆயில் மாற்றும்போதெல்லாம் அடிப் போல்ட்டுக்குப் புதிதாகப் போடவேண்டிய செப்பு வாஷர். பக்கத்திலேயே சாக்கடை. அந்த 'டிங்' எது என்று புரிந்துவிட்டது.

யூசுப்புக்குப் போன் போட்டான். "பாய், பழைய வாஷரையே போட்டா என்ன?"

"இன்னா சார் நீ! அது ஒரு தபா நசுங்கினா அவ்ளோதான், ஒயுகும். நான் முகப்பேர்ல கல்யாணத்துல கீறேன். நாளைக்கு மத்தியானம் கடைக்கு வா."

"நல்லா முறுக்கிடறேனே?"

"முறுக்காதே சார், போல்ட்டு மரை தேஞ்சு பூடும்! இரு, பிரியாணி வந்துகினு கீது."

பழையதையே போட்டுப் புது ஆயிலை ஊற்றினான். சொட்டியது. அதை இன்னொரு குண்டானில் வடித்து, மூலையில் கிடந்த செருப்பிலிருந்து ரப்பரை வட்டமாக வெட்டி மாட்டினான். இப்போது சொட்டவில்லை, கொட்டியது. கூடவே மைதிலியின் குரலும்: "ஐயோ, நாளைக்குப் போட வச்சிருந்த புதுச் செருப்பு!"

சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் டிவி முன்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மின்னியது செப்பு வளையம். உத்தமன் குனிந்து பார்த்தான். அதே வட்டம், அதே தடிமன். சாமியார் மில்லிமீட்டர் கணக்கில்தான் மந்திரிக்கிறார் போலிருக்கிறது!

நசுங்கின பழைய வாஷரைப் புளி போட்டுத் தேய்த்தான். பளபளத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்று முடிச்சை அவிழ்த்தான்.

"சட்னியில உப்பு கம்மி" என்றாள் மாமியார்.

உத்தமன் உறைந்தான். அவள் பேசியது தூக்கத்தில்தான். வளையத்தை மாற்றி முடிச்சுப் போட்டுவிட்டு ஓடினான்.

போல்ட்டை முறுக்கி ஆயிலை ஊற்றினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சாயங்காலம் உள்ளேயிருந்து ஒரு கூச்சல். "மைதிலி! வலி போன இடம் தெரியலடி! பாரு, சம்மணம் போட்டு உட்காருறேன்!"

"சாமியார் சக்திம்மா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் மைதிலி. உத்தமனுக்கு வியர்த்தது.

மறுநாள் அவளை நேரத்துக்குக் காலேஜில் இறக்கிவிட்டுத் திரும்பினான். பைக் பூனை மாதிரி ஓடியது. மனசுதான் முரண்டு பிடித்தது. சாமி பொருள். வயசான மனுஷி. திருட்டு! சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

"அத்தை, உங்க கையில இருக்கிற வளையம்..."

வரலட்சுமிக்கு முகம் வெளுத்தது. சட்டென்று அவன் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள்:

"கண்டுபிடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை? மைதிலிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க... சாமியார் குடுத்தது காபி கொண்டாந்தப்பவே சாக்கடையில விழுந்துடுச்சு. உங்க பேப்பர் மேல அதே மாதிரி ஒண்ணு பளபளன்னு இருந்துச்சா, அதைத்தான் எடுத்துக் கட்டிக்கிட்டேன்!"